நாற்பத்திரண்டு ஆண்டு இரவு

அன்பு மகளுக்கு,

நார்வேயின் வடக்கே டிரொம்சோவில் ஜனவரி பாதி வரை சூரியன் தலைகாட்டாது என்று எழுதியிருந்தாய். டாக்டர் சொன்ன வைட்டமின் டி மாத்திரையை விடாமல் சாப்பிடு. உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு யுரேனஸ் நினைவுதான் வந்தது. உனக்குச் சின்ன வயதிலிருந்தே சனிக்கோள் பிடிக்கும். எனக்கு என்றைக்கும் யுரேனஸ்தான்.

பூமி 23 பாகை சாய்ந்திருப்பதால் உனக்கு இந்த இருட்டு. யுரேனஸின் சாய்வு 98 பாகை. கீழே சாய்ந்த பம்பரம் படுத்தபடியே சுழல்வதுபோல் அது சூரியனைச் சுற்றிவருகிறது. ஒரு சுற்றுக்கு 84 ஆண்டு. அதனால் துருவத்தில் ஏறக்குறைய 42 ஆண்டு வெளிச்சம், அப்புறம் 42 ஆண்டு இருட்டு. அங்கே இரவு தொடங்கும்போது ஒரு குழந்தை பிறந்தால், சூரியனை முதன்முதலாகப் பார்க்கும்போது அதற்கு நரை விழத் தொடங்கியிருக்கும்.

கோள் உருவான காலத்தில் பூமி அளவுக்குப் பெரிய ஏதோ ஒன்று மோதியதால் சாய்ந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். காந்தப்புலமும் ஒழுங்காக இல்லை: சுழல் அச்சிலிருந்து 59 பாகை விலகி, கோளின் மையத்தைவிட்டும் தள்ளி நிற்கிறது.

நிலாக்களில் மிராண்டாவை மட்டும் சொல்கிறேன். குறுக்களவு வெறும் 470 கிலோமீட்டர். அதில் சுமார் 20 கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு செங்குத்துப் பாறை, எவரெஸ்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்! ஈர்ப்பு அவ்வளவு குறைவு என்பதால், உச்சியிலிருந்து ஒரு கல்லைப் போட்டால் அடிவாரம் வந்து சேரப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். இத்தனை சின்ன நிலாவின் தரை எப்படி இப்படிப் பிளந்தது என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை.

யுரேனஸின் வளையக் கதையில் நம் பக்கத்துக்கும் பங்கு உண்டு. 1977 மார்ச் 10 அன்று அது ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்துபோனது. அமெரிக்கர்கள் விமானத்தில் தொலைநோக்கி வைத்து, இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்தபடி பார்த்தார்கள். அதே இரவில் ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூரில், ஒரு மீட்டர் அகல ஆடியுள்ள தொலைநோக்கியில் நம் வானியலாளர்கள் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நட்சத்திரத்தின் ஒளி சட்டென்று மங்கியது. புதிய நிலா ஒன்று மறைத்திருக்கலாம் என்று முதலில் எழுதினார்கள். அது வளையம். பிறகு பட்டாச்சார்யாவும் இன்னொரு இந்திய வானியலாளரான வைணு பாப்புவும் அந்தப் பதிவை மறுபடி ஆராய்ந்து, சனிக்கு இருப்பதுபோல் இங்கேயும் வளையத் தொகுதி இருக்கிறது என்று எழுதினார்கள். வளையங்களைக் கண்டுபிடித்த பெருமை விமானத்தில் பறந்த எலியட் குழுவுக்குப் போனது, அது நியாயமும்தான். ஆனாலும் காவலூர்க்காரர்களின் பெயரை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

இத்தனை விசித்திரமான கோளுக்கு மனிதன் அனுப்பிய விண்கலம் ஒன்றே ஒன்று. வாயேஜர் 2, 1986 ஜனவரி 24இல் நிற்காமல் கடந்துபோனது. அப்போது தென்துருவம் சூரியனை நோக்கியிருந்தது. நிலாக்களின் வடபாதி இருட்டில் கிடந்ததால் அதைப் படமே எடுக்க முடியவில்லை. மிராண்டாவைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் பாதி மிராண்டாதான்.

2022இல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமிகள், யுரேனஸைச் சுற்றிவரும் கலம் ஒன்றைப் பெரிய திட்டங்களில் முதலிடத்தில் வைத்துப் பரிந்துரைத்தன. கிளம்பினாலும் போய்ச் சேரப் பத்தாண்டுக்கு மேல் பிடிக்கும். 2050இல் அங்கே சம இரவு நாள்; அதன்பிறகு வடபாதி மெல்ல இருட்டுக்குள் போகும். அதற்குள் போய்விட வேண்டும் என்பதுதான் என் ஆசை. அப்போது எனக்கு எண்பதை ஒட்டி இருக்கும். கண் சரியாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்த மறுபாதியில் என்ன இருக்கிறது என்று நீ பார்த்துச் சொல்.

அன்புடன்,
அப்பா