‘ஏற்கெனவே பதில் தரப்பட்டுள்ளது’ என்றால், அது எங்கே?

பாடக்குழு நிர்வாகிகளுக்கும் மட்டுறுத்துநர்களுக்கும்,

வணக்கம். உங்கள் புள்ளியியல் வகுப்பின் கலந்துரையாடல் பகுதியிலேயே மூன்று பேட்ச்சாகக் குடியிருப்பவன் எழுதுகிறேன். முதல் பேட்ச்சில் மாணவன், அடுத்த இரண்டிலும் சம்பளமில்லாத உதவியாளன். சில வாரங்களுக்கு முன் நடந்தது உங்களுக்குத் தெரியும், எனக்கு எச்சரிக்கை அனுப்பியதே நீங்கள்தானே. அதனால் முன்கதை வேண்டாம், கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். பேட்ச் முடிந்ததும் பழைய கேள்வி பதில்களை மொத்தமாக அழிப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். புதிதாக யாரும் எழுத முடியாதபடி பூட்டி வையுங்கள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. படிக்கவாவது விடுங்கள்.

அந்த வாரச் செவ்வாய் இரவு ஒரு மாணவி கேட்ட கேள்வியை நீங்கள் வாசித்தீர்களா, தலைப்பை மட்டும் பார்த்தீர்களா என்று எனக்குச் சந்தேகம். அதனால் இங்கே திரும்பச் சொல்கிறேன். நான்காம் வாரப் பயிற்சி. எட்டு எண்கள்: 2, 4, 4, 4, 5, 5, 7, 9. இவற்றின் திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு, வேண்டும். நம்பை, பாண்டாஸ் இரண்டும் பைதான் நிரல்மொழியில் கணக்குப் போட உதவும் நிரல் தொகுப்புகள். நம்பையில் போட்டால் 2 வருகிறது, பாண்டாஸில் போட்டால் 2.14 வருகிறது. அதே எண்கள், கட்டளையின் பெயரும் அதே, விடை மட்டும் இரண்டு. அவர் சும்மா வந்து கேட்கவில்லை. காகிதத்தில் கையால் போட்டுப் பார்த்து அந்தத் தாளையே படமெடுத்துப் போட்டிருந்தார். சராசரி 5, வித்தியாசங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 32, அதுவரை சுத்தமாக இருக்கிறது. அதற்குக் கீழே இரண்டு தடவை அடித்து அடித்து எழுதியிருக்கிறார், பேனா அழுத்தத்தில் தாளே ஓரிடத்தில் கிழிந்திருக்கிறது. கடைசி வரி, “நான் எந்த இடத்தில் தப்புப் பண்றேன்?”

அவர் தப்பே பண்ணவில்லை. நாமாக எதுவும் சொல்லாவிட்டால் நம்பை 32-ஐ எட்டால் வகுக்கும், பாண்டாஸ் ஏழால் வகுக்கும், பிறகு இரண்டும் வர்க்கமூலம் எடுக்கும். எண்ணிக்கையில் எவ்வளவு கழித்துவிட்டு வகுப்பது என்று சொல்ல டிடிஓஎஃப் என்று ஓர் அளவுரு, நம்பையில் அது 0, பாண்டாஸில் 1. அவ்வளவுதான் விஷயம். ஆனால் இது தெரியாதவருக்குத் தன் மூளைமேலேயே சந்தேகம் வந்துவிடும்.

பத்தே நிமிடத்தில் அந்த இழை, அதாவது கேள்வியும் அதன் பதில்களும் சேர்ந்த பக்கம், பூட்டப்பட்டது. “இக்கேள்விக்கு ஏற்கெனவே பதில் தரப்பட்டுள்ளது. தேடிப் பார்த்த பின் கேட்கவும்.” கூடவே ஒரு லிங்க். அழுத்தினால் “நீங்கள் தேடும் பக்கம் இல்லை” என்று வருகிறது. ஏன் இல்லை? அந்தப் பதில் முதல் பேட்ச்சுடையது, அந்த பேட்ச் முடிந்ததும் நீங்களே துடைத்துப் போட்டீர்கள். மட்டுறுத்துநர் தன் பழைய குறிப்பேட்டிலிருந்து லிங்க்கை எடுத்து ஒட்டியிருக்கிறார், பாவம், அவரும் அழுத்திப் பார்க்கவில்லை. ஆக, இருக்கிறது என்று சொல்லிக் கேள்வியை மூடுகிறோம், இல்லாத இடத்துக்கு ஆளை அனுப்புகிறோம், அதோடு “தேடிப் பார்” என்று ஒரு அதட்டல் வேறு.

அந்தப் பழைய பதில் இன்னும் என் நினைவில் இருக்கிறது, ஏனென்றால் அதைப் படித்துத்தான் எனக்கே புரிந்தது. எழுதியவர் ஆசிரியர் இல்லை, என்னோடு படித்த ஒருவர். மூன்று நாள் இதே இடத்தில் முட்டிக்கொண்டு, புரிந்த பிறகு மற்றவர்களுக்காக உட்கார்ந்து எழுதினார். ஒவ்வொரு எண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று வரிசையாகப் போட்டார்: -3, -1, -1, -1, 0, 0, 2, 4. “இப்போது கடைசி எண்ணைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்ளுங்கள். மீதி ஏழையும் கூட்டுங்கள், -4 வருகிறதா? மொத்தம் எப்போதுமே பூஜ்யம்தான், அப்படியானால் விரலுக்கு அடியில் 4-ஐத் தவிர வேறு என்ன இருக்க முடியும்?” என்று கேட்டிருந்தார். எட்டில் ஏழுதான் தன்னிஷ்டத்துக்கு இருக்கிறது, எட்டாவது மாட்டிக்கொண்டுவிட்டது. மாதிரியை வைத்து முழுத் தொகுதியை மதிப்பிடும்போது ஏன் ஏழால் வகுக்கிறோம் என்பதற்கு அந்தக் கட்டைவிரலைவிட நல்ல தொடக்கத்தை நான் உங்கள் காணொளிகளில் பார்க்கவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், காணொளிகள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவை ஏற்கெனவே புரிந்தவர் பேசுபவை, அந்தப் பதில் நேற்றுவரை புரியாமல் இருந்தவர் எழுதியது.

அதைத்தான் என் சொந்த வார்த்தையில் அந்த மாணவிக்குத் தனி இழையில் எழுதினேன். அதற்கு எனக்கு வந்த பரிசு, “பூட்டிய இழையைச் சுற்றிப் புதிய இழை தொடங்குவது விதிமீறல்.” சரி, விதி விதிதான், ஒப்புக்கொள்கிறேன். அந்த மாணவி அதன்பிறகு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஐந்தாம் வாரம், ஆறாம் வாரம், இரண்டும் போயிற்று.

அழிப்பதற்கு நீங்கள் சொல்லும் காரணங்கள் எனக்குத் தெரியும். பழைய விடையைப் பார்த்து எழுதிவிடுவார்கள் என்பது முதலாவது. நியாயமான பயம்தான். ஆனால் அதற்கு வழிகள் ரொம்ப நாளாக இருக்கின்றன. மூடில் என்ற பாடமேலாண்மை மென்பொருள் 2002-இல் வெளிவந்தது. அதிலேயே ஒரு வகைக் கலந்துரையாடல் உண்டு, நீங்கள் உங்கள் பதிலை எழுதிப் போட்டால்தான் மற்றவர்கள் எழுதியது கண்ணுக்குத் தெரியும். மதிப்பெண் உள்ள பயிற்சிகளை அப்படி வையுங்கள். இல்லாவிட்டால் பயிற்சியில் எண்களை மாற்றுங்கள், எட்டு எண்களை மாற்ற எவ்வளவு நேரம் ஆகப்போகிறது? திருடன் வருவான் என்று நூலகத்தையே கொளுத்துவார்களா?

இரண்டாவது, தேடினால் குப்பையாக வருகிறதாம், ஒரே கேள்வி நாற்பது தடவை. குப்பை இல்லை ஐயா. ஒரே சந்தேகத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு வாய்மொழியில் கேட்கிறார்கள். ஒருவர் “விடை பொருந்தவில்லை” என்பார், இன்னொருவர் “பாண்டாஸில் பிழையா?” என்பார், மூன்றாமவர் “n-1 எதற்கு?”, அதாவது எண்ணிக்கையில் ஒன்றைக் கழிப்பது ஏன், என்பார். எதைச் சொல்லித் தேடினாலும் அதே பதிலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால் அந்த மூன்று கேள்விகளும் இருந்தாக வேண்டும். நிரலாளர்களுக்கான கேள்வி பதில் தளம் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, 2008-இல் தொடங்கியது. அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை மூடுவதில் இருக்கும் கறார் உலகப் பிரசித்தம், அங்கே திட்டு வாங்காத புதியவர் குறைவு. அவர்களே மூடிய கேள்வியைப் பெரும்பாலும் அப்படியே வைத்திருந்து, மூலப்பதிலுக்குக் கைகாட்டியாகப் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கை காட்டுகிற இடத்தில் பதிலும் இருக்கும்.

மூன்றாவது காரணம், மாணவர்களின் அந்தரங்கம். இதை மட்டும் முழுதாக ஏற்கிறேன். பெயரை எடுத்துவிடுங்கள், படத்தை எடுத்துவிடுங்கள், தன் பதிவு வேண்டாம் என்பவருடையதை நீக்குங்கள். கட்டைவிரலுக்குப் பெயர் தேவையில்லை.

ஒரு பழைய கதை சொல்ல ஆசை. கணினி வழியாகப் பாடம் நடத்த இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்றொரு அமைப்பு இருந்தது. அதில் பிழைகளைத் தெரிவிக்க ஒரு பொதுக் கோப்பு வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம், யார் வேண்டுமானாலும் அடுத்தவர் எழுதியதை அழித்துவிடலாம், எழுதியது யார் என்றும் தெரியாது. இந்தத் தொல்லைக்காகவே 1973-இல் டேவிட் வூலி என்ற 17 வயதுப் பையன் ‘நோட்ஸ்’ என்ற நிரலை எழுதினார். கேள்வி, அதற்குக் கீழே பதில்கள், ஒருவர் எழுதியதில் இன்னொருவர் கைவைக்க முடியாது. நாம் இன்று இழை என்று சொல்லும் வடிவத்தின் மூதாதைகளில் ஒன்று அது. பாடம் படிக்கும் இடத்தில் எழுதியது காணாமல் போகக்கூடாது என்று ஒரு பையன் 1973-இல் யோசித்துவிட்டான். நம் நிர்வாகத்தில் எத்தனை பேர், எத்தனை கூட்டம், எத்தனை ஸ்லைடு!

இப்போது தானாகப் பதில் சொல்லும் பாட் ஒன்று வரப்போகிறது என்று அறிவித்திருக்கிறீர்கள். வாழ்த்துகள். ஆனால் அதற்கு என்ன தீனி போடப் போகிறீர்கள்? அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் அசோக் கோயல் என்ற பேராசிரியர் 2016-இல் தன் இணைய வகுப்புக்கு ‘ஜில் வாட்சன்’ என்ற உதவியாளரைக் கொண்டுவந்தார். சுமார் 300 மாணவர்கள், ஒரு பருவத்தில் ஏறத்தாழ 10,000 பதிவுகள், ஆட்களால் சமாளிக்க முடியவில்லை. பதில் சொல்வது இயந்திரம் என்று மாணவர்களுக்குக் கடைசியில்தான் தெரிந்தது. அதைப் பழக்கியது எதை வைத்து? முந்தைய பருவங்களில் அதே வகுப்பு மாணவர்கள் கலந்துரையாடலில் எழுதிய கிட்டத்தட்ட 40,000 பதிவுகளை வைத்து. அவர் ஒவ்வொரு பருவமும் துடைத்துவைத்திருந்தால் ஜில் வாட்சன் என்ன படித்திருப்பாள், பூட்டப்பட்டது என்ற அறிவிப்புகளையா? அப்படியொரு பாட் நமக்கு எதற்கு, “ஏற்கெனவே பதில் தரப்பட்டுள்ளது” என்று சொல்லத்தான் மனிதர்களே இருக்கிறார்களே.

மன்னியுங்கள், கொஞ்சம் எல்லை மீறிவிட்டேன். மட்டுறுத்துநர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, உண்மையாகவே. அவர்களும் என்னைப்போல வேலை முடிந்து வந்து உட்கார்கிறவர்கள், ஒரே கேள்வியை ஐம்பதாவது தடவை பார்த்தால் யாருக்கும் விரல் பூட்டுக்குத்தான் போகும். பழைய பதில்கள் இருந்தால் அவர்களுக்கும் வேலை பாதியாகும் என்பதுதான் இதில் கொடுமை. ஒவ்வொரு பேட்ச்சிலும் நாம் முதலிலிருந்து எழுதுகிறோம், முதலிலிருந்து களைக்கிறோம்.

அதனால் பணிவாகவே திரும்பக் கேட்கிறேன். இந்த பேட்ச் முடியும்போது அழிக்காதீர்கள். படிக்க மட்டும் திறந்து வையுங்கள். இதற்கு முந்தையவற்றின் காப்பு உங்கள் சர்வரில் எங்காவது இருந்தால் மீட்டுத் தாருங்கள், எதை வைப்பது, எதை நீக்குவது, எந்தப் பெயரை மறைப்பது என்று பிரித்துத் தரும் வேலையை நானே செய்கிறேன், இன்னும் நான்கைந்து பேர் கூட வரத் தயாராக இருக்கிறார்கள். ஒரு கேள்வியை மூடும் முன் கொடுக்கிற லிங்க்கை ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும் என்று விதிகளில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அப்புறம், அந்த மாணவியின் இழையைத் திறந்துவிடுங்கள். “உங்கள் கணக்கு சரி” என்று நிர்வாகத்தின் பெயரிலேயே ஒரு வரி போட்டால் இன்னும் நல்லது.

பேட்ச் முடிய இன்னும் 19 நாள் இருக்கிறது. இந்த மடலையும் கலந்துரையாடல் பகுதியிலேதான் போட்டிருக்கிறேன், 20-ஆம் நாள் இதுவும் போய்விடும். பதிலை அதற்கு முன்னால் எழுதினால் எல்லோரும் படிக்க முடியும்.

இப்படிக்கு,
மூன்று பேட்ச்சாக நான்காம் வாரத்திலேயே நிற்கும் உங்கள் உதவியாளன்