எடுத்தது எவ்வளவு, ஊற்றியது எவ்வளவு?

ரூவி, மஸ்கட்
ஜூலை

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நலம். அம்மா, உன் வீட்டில், பிள்ளைகள் எல்லாரும் நலம்தானே.

உன் வாய்ஸ் மெசேஜ் மூன்றையும் கேட்டேன். கார் ரேடியேட்டரில் பழையதை இறக்கிவிட்டுப் புதுக் கூலன்ட் (இன்ஜின் சூட்டைத் தணிக்க உள்ளே சுற்றும் திரவம்) ஊற்றியதிலிருந்து இன்ஜின் சூடாகிறது, சூடு காட்டும் ஊசி எச் (H) வரை ஏறுகிறது என்கிறாய். போனில் பதில் சொன்னால் பாதி உன் காதில் விழும். மீதி, பக்கத்தில் நின்று யோசனை சொல்கிறவர்களோடு கலந்துவிடும். அதனால் எழுதியே அனுப்புகிறேன். பிரின்ட் எடுத்து வண்டிக்குள் வைத்துக்கொள்.

முதலில் கணக்கைப் பார். கையேட்டில் மொத்தக் கொள்ளளவு 4.5 லிட்டர். வாளியில் நீ இறக்கியது 3.25. திரும்ப ஊற்றியது 2.5, அதற்குமேல் போகவில்லை, வாய்வரை நிறைந்துவிட்டது என்கிறாய். நிறைந்தது ரேடியேட்டர் கழுத்து மட்டும்தான். பாக்கி முக்கால் லிட்டர் இடத்தில் காற்று உட்கார்ந்திருக்கிறது. ஊசி எச்சைத் தொடுவதற்கு இதுவே போதும். தெர்மோஸ்டாட் (சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு), வாட்டர் பம்ப் என்று எதையும் இப்போதைக்கு வாங்காதே.

நம் வீட்டு மோட்டாரில் ஏர் பிடித்தால் என்ன ஆகும்? மோட்டார் உறுமும், தண்ணீர் ஏறாது. காரிலும் அதே கதைதான். கூலன்ட் ஓடும் வழி ஏறி இறங்கிப் போகிறது. தெர்மோஸ்டாட் இருக்கும் இடமும், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டரின் குட்டி ரேடியேட்டரும் மேடு. காற்று அங்கேதான் போய் நிற்கும். தெர்மோஸ்டாட்டுக்குள் மெழுகு இருக்கிறது. சுடுதண்ணீர் அதை நனைத்துக்கொண்டே இருந்தால்தான் 82 அல்லது 88 டிகிரியில் (எது என்று அதன்மேலேயே பொறித்திருக்கும்) மெழுகு உருகி வால்வைத் தள்ளும். சுற்றிலும் காற்று நின்றால் வால்வு பேசாமல் மூடியே கிடக்கும். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டில் தண்ணீர் கொதிக்கும், ரேடியேட்டர் பச்சைத் தண்ணீராய் இருக்கும்.

வெப்பநிலை சென்ஸாரும் அந்தப் பக்கம்தான். அது கூலன்டில் முங்காமல் காற்றில் நின்றால் பொய் சொல்லும். ஊசி திடீரென்று இறங்கிவிட்டது, சரியாகிவிட்டது போல என்று இரண்டாவது மெசேஜில் சொன்னாயே, அதுதான் எனக்குப் பயம். சென்ஸாரை விட்டுத் தண்ணீர் விலகிய நேரமாக இருக்கலாம்.

இங்கே மே முதல் செப்டம்பர் வரை வாதி கபீர் ஒர்க்‌ஷாப் தெருக்களில் முக்கால்வாசி வேலை இந்தச் சூடுதான். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் வெட்டவெளி வேலையை மதியம் 12.30 முதல் 3.30 வரை நிறுத்த வேண்டும் என்பது ஓமன் நாட்டுச் சட்டம். சும்மா போட்ட சட்டமில்லை. மஸ்கட்டுக்குத் தென்கிழக்கே குரையாத் என்ற கடற்கரை ஊரில் 2018 ஜூனில் ஒரு நாள் முழுக்க, நள்ளிரவு உட்பட, வெப்பம் 42.6 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. அந்த வெயிலில் ஏசியை முழுசாக வைத்து 120 வேகத்தில் போகிற வண்டிக்குக் கூலன்ட் அரை லிட்டர் குறைந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் இங்கே மலையாளி மெக்கானிக்கானாலும் பாகிஸ்தானி மெக்கானிக்கானாலும் ஊசியை அவ்வளவாக நம்புவதில்லை. பானெட்டைத் தூக்கியதும் கை ஹோஸுக்குத்தான் போகும். எது சூடு, எது குளிர்ச்சி, எது கல்லு மாதிரி இறுகியிருக்கிறது என்று தொட்டுப் பார்த்தே பாதி முடிவுக்கு வந்துவிடுவார்கள். நீயும் அதைப் பழகிக்கொள்.

இனி ஏர் எடுக்கும் வேலை. காலையில், இன்ஜின் இரவு முழுக்க ஆறியபின் செய். வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி நம் வாசல் சரிவில் ஏற்றி நிறுத்து. ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் வை. ரேடியேட்டர் மூடியைக் கழற்று. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டி, கழுத்தில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி, ரேடியேட்டர் வாயில் தலைகீழாகச் செருகு. ஆடாமல் இறுக்கமாக நிற்க வேண்டும். இனி அந்தப் பாட்டில்தான் எல்லாவற்றையும்விட உயரமான இடம். காற்று எங்கே இருந்தாலும் ஏறி அங்கே வந்தாக வேண்டும். தெர்மோஸ்டாட் மூடிக்கு மேலே சின்ன ஸ்குரூ ஒன்று இருக்கிறதா பார். இருந்தால் அது ஏர் எடுக்கத்தான். கூலன்ட் ஊற்றும்போது அதைத் திறந்து வை. குமிழி இல்லாமல் ஒரே கோடாக வடிந்ததும் மூடு. பிளாஸ்டிக் ஸ்குரூவாக இருந்தால் உன் பலத்தைக் காட்டாதே, முறிந்துவிடும்.

ஹீட்டர் குமிழைக் கடைசிச் சிவப்புவரை திருப்பு. நம் ஊரிலும் சரி, இங்கேயும் சரி, அந்தப் பக்கம் யாரும் திருப்புவதே இல்லை. கேபிள் துருப்பிடித்து இறுகியிருந்தாலும் ஆச்சரியமில்லை. திருப்பினால்தான் சில வண்டிகளில் ஹீட்டருக்குப் போகும் வழி திறக்கும், அங்கே நிற்கும் காற்றும் வெளியே வரும். உள் ஃபேனைக் குறைச்சலாக வை. ஏசி வேண்டாம்.

பாட்டிலில் நாலு விரல் உயரத்துக்குக் கூலன்டை மெதுவாக ஊற்று. மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் மாறிமாறிப் பிசை. புளுக் புளுக்கென்று குமிழி வரும். நின்றதும் ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விடு. கை, துணி எதுவும் ஃபேன் பக்கம் போகக் கூடாது. தானாகச் சுற்ற ஆரம்பித்துவிடும். பதினைந்து இருபது நிமிடம் ஒன்றும் நடக்காதது போலத்தான் இருக்கும். அப்புறம் பாட்டிலில் நிற்கும் கூலன்ட் களக்கென்று ஒரே இறக்கமாக இறங்கும். தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அர்த்தம். உடனே ஊற்று, பாட்டில் காலியாகிவிடாமல் பார்த்துக்கொள். பிள்ளைகளில் ஒருவரை அல்ல, ஓட்டத் தெரிந்த ஒருவரை உட்கார வைத்து 2000, 2500 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம் ரேஸ் கொடுக்கச் சொல், பிறகு ஐட்லிங். இப்படி மூன்று நாலு முறை. முதலில் கோலிக்குண்டு அளவுக்குக் குமிழி வரும், போகப்போகக் கடுகாகி நின்றுவிடும். ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நின்று, ஹீட்டரில் கை வைக்க முடியாத சூட்டில் காற்று வந்தால் உள்ளே கூலன்ட் ஒழுங்காகச் சுற்றுகிறது. இன்ஜினை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, பாட்டிலை எடுத்துவிட்டு ரேடியேட்டரை வாய்வரை நிரப்பி மூடு. பக்கத்து ரிசர்வ் டேங்கில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கட்டும். மறுநாள் காலை மறுபடி பார். 200, 300 மில்லி குறைந்திருந்தால் பயப்படாதே, ஊற்று. மூன்று நாளும் அதே மாதிரி குறைந்துகொண்டே போனால்தான் எங்கோ போகிறது என்று அர்த்தம்.

எதை ஊற்றுவது என்று கேட்டிருந்தாய். நீ ஊற்றிய அந்த 2.5 லிட்டர், கூலன்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தது. ஆனால் இன்ஜின் பிளாக்கில் 1.25 லிட்டர் பழைய தண்ணீர் இறங்காமல் நிற்கிறது. அதைச் சேர்த்தால் இப்போது உள்ளே கூலன்ட் பங்கு மூன்றில் ஒன்றுதான். பாக்கி முக்கால் லிட்டருக்கும் கலக்காத கூலன்டையே ஊற்று, நூற்றுக்கு 44 பங்கு வந்துவிடும், அது போதும். கேனில் ரெடி மிக்ஸ் என்று போட்டிருந்தால் அது ஏற்கெனவே தண்ணீர் கலந்தது, இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது. காசு கொடுத்து வாங்கியதுதானே, தண்ணீரே இல்லாமல் முழுக்கக் கூலன்டாக ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைக்காதே. சூட்டைச் சுமக்கும் சக்தி தண்ணீருக்குத்தான் அதிகம், கூலன்டில் இருக்கும் கிளைக்கால் (glycol) என்ற திரவத்துக்கு அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். துருவைத் தடுக்கவும் கொதிநிலையைக் கூட்டவும்தான் அது. நிறத்தைப் பார்த்தும் வாங்காதே. பச்சை, சிவப்பு என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. கையேட்டில் சொன்ன வகைதானா என்று பார்.

போர்த் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம். அம்மா வெந்நீர் போடும் குண்டானின் அடியில் வெள்ளையாய்ப் படிந்திருக்கிறதே, அது ரேடியேட்டரின் மெல்லிய குழாய்க்குள்ளும் படியும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்ட் வாட்டர் கேன் போதும்.

ஏர் எடுத்தும் சூடானால், எப்போது சூடாகிறது என்று கவனி. அதில்தான் விடை இருக்கிறது. சிக்னலில் நின்றால் ஏறி, ஓடினால் இறங்குகிறதா? ஃபேன். ஏசியைப் போட்டுப் பார், பெரும்பாலான வண்டியில் ஃபேன் உடனே சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, பிளக் கனெக்ஷன், கடைசியில் மோட்டார். ஏசி போட்டால் சுற்றி, சூட்டுக்கு மட்டும் சுற்றவில்லை என்றால் சென்ஸார் பக்கம் பார். மாறாக, ஹைவேயில் ஏறி, நின்றால் இறங்குகிறதா? ரேடியேட்டர் அடைப்பு. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில்தான் குப்பை சேரும், முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. இங்கே மணல், நம் ஊரில் பருத்திப் பஞ்சும் பூச்சியும். இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, சாதாரண ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடி. வாட்டர் சர்வீஸ் பிரஷரை வைத்தால் ரேடியேட்டரின் மெல்லிய தகட்டு இறகெல்லாம் மடங்கிவிடும்.

ரேடியேட்டர் மூடியையும் பார். யாரும் பார்க்காத சாமான் அதுதான். குக்கர் வெயிட் மாதிரி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதே அதன் வேலை. 1.1 பார் என்று போட்ட மூடி சரியாக இருந்தால் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். ரப்பர் வெடித்திருந்தால் நூறிலேயே கொதித்து ரிசர்வ் டேங்க் வழியாக வழிந்துவிடும். இங்கே ஜெபல் அக்தர் என்று ஒரு மலை. பிர்கத் அல் மவுஸ் அடிவாரத்தில் போலீஸ் நிறுத்தி, ஃபோர் வீல் டிரைவ் வண்டியை மட்டும்தான் மேலே விடுவார்கள். உச்சிச் சமவெளி கிட்டத்தட்ட 2000 மீட்டர். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும். மூடி பழுதான வண்டி அங்கே தாங்காது. கொடைக்கானல் போகும் எண்ணமிருந்தால் மூடியை மாற்றிவிடு. அதே எண் போட்டதை வாங்கு. வண்டி ஆறியபின் மேல் ஹோஸ் சப்பிப்போய் ஒட்டிக்கிடந்தாலும் மூடிதான் காரணம், திரும்ப உறிஞ்சும் சின்ன வால்வு அடைத்திருக்கும்.

ஊசி எச்சில் இருந்தும் மேல் ஹோஸ் ஆறிக்கிடந்தால் அப்போது தெர்மோஸ்டாட்டைக் கழற்று. பழைய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவிட்டு நூலில் கட்டித் தொங்கவிடு. கொதிப்பதற்குள் திறக்காவிட்டால் மாற்று. மாட்டும்போது ஸ்பிரிங் இன்ஜின் பக்கம், ஆடும் குட்டி முள் மேல் பக்கம். அந்த முள் வழியாகத்தான் காற்று தப்பும். உன் மெக்கானிக் சொன்ன மாதிரி, நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்று எடுத்து எறிய மட்டும் சம்மதிக்காதே. இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் பெட்ரோல் குடிக்கும். பைபாஸ் வழியை மூடுவதும் தெர்மோஸ்டாட்தான் என்கிற வண்டிகளில், எடுத்துவிட்டால் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி இன்னும் சூடாகும்.

கடைசியாக ஒன்று, அது இல்லாமலிருக்கட்டும். அரை மணி நேரம் ஏர் எடுத்தும் குமிழி நிற்காமல் வருகிறது, ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்த இரண்டே நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறது, ஆயில் மூடிக்கு அடியில் காபி நுரை மாதிரி இருக்கிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை இனிப்பு வாடையோடு போகிறது. இவற்றில் இரண்டு சேர்ந்திருந்தால் ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கும். ஹெட்டை இறக்கும் முன் நீலத் திரவம் வைத்துப் பார்க்கச் சொல். ரேடியேட்டர் வாயில் வைத்து உறிஞ்சும்போது பெட்ரோல் வண்டியில் அது மஞ்சளானால் எரிந்த புகை கூலன்டில் கலக்கிறது. ஹெட்டை இறக்கினால் லேத்தில் கொடுத்து மட்டம் பார்க்காமல் திரும்ப ஏற்ற விடாதே.

வழியில் ஊசி ஏறினால் ஏசியை நிறுத்து, ஹீட்டரை முழுசாக வை, கண்ணாடியை இறக்கு, ஓரங்கட்டு. இறங்காவிட்டால் அணைத்துவிடு. மூடியில் ஒரு மணி நேரமாவது கை வைக்காதே. சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரியும்.

வாளியில் இறக்கி வைத்தாயே, அது இன்னும் கொல்லையில்தான் இருக்கிறதா? பழைய கூலன்ட் அதில் கொஞ்சம் கலந்திருந்தாலும் இனிப்புக்கு நாய், பூனை நக்கிவிடும், நக்கினால் உயிருக்கே ஆபத்து. கேனில் ஊற்றி மூடி, ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடு.

ஞாயிறு வேலை முடிந்ததும் மூன்று விஷயம் மட்டும் அனுப்பு: மொத்தம் எத்தனை மில்லி உள்ளே போனது, ஃபேன் எத்தனை முறை ஓடியது, திங்கள் காலை எவ்வளவு குறைந்திருந்தது.

அன்புடன்,
அண்ணன்