பதினேழு சேக்கல் வெள்ளி

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

அப்பா எழுதுவது. போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கோபப்பட்டது நியாயம்தான். அம்மா போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. அதற்குள் வேத வசனம் அச்சடித்த ஒரு வாக்குத்தத்த அட்டையைப் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிட்டேன். வேதாகமத்தில் எரேமியா புத்தகம், 29:11. "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அப்படியென்றால் அம்மாவுக்கு நடந்தது என்ன என்று கேட்டாய். எனக்கு வாய் எழவில்லை. அன்று இரவே எரேமியாவை முதல் அதிகாரத்திலிருந்து வாசிக்க உட்கார்ந்தேன்.

அந்த வசனம் வருவதே ஒரு கடிதத்தில். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து எழுதியது. இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று இன்னொருவன் தீர்க்கதரிசனம் சொல்லிக்கொண்டிருந்தான். இவரோ வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள் என்கிறார். அட்டைக்காரர்கள் அச்சடிக்காத பத்தாம் வசனத்தில், எழுபது வருஷம் கழித்துத்தான் திரும்புவீர்கள் என்று இருக்கிறது. அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட கிழவர் எவரும் அந்த முடிவைப் பார்த்திருக்க முடியாது. அதை அட்டையாக்கி உனக்கு அனுப்பியது என் பிழை.

இன்னொன்று. துக்கம் கேட்க வந்த உறவுக்காரர் ஒருவர், அம்மாவின் நோய் ஏதோ பாவத்துக்கு வந்த நியாயத்தீர்ப்பு என்று நடுவீட்டில் உட்கார்ந்து சொன்னார். நீ எழுந்து உள்ளே போனாய். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்கிறேன்: எரேமியாவின் "ஐயோ" யார்மேல் விழுகிறது என்று அவர் வாசித்ததே இல்லை. அயலானிடம் வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடுக்காமல், கேதுருப் பலகை அடித்துச் சிவப்பு வண்ணம் பூசி மாளிகை கட்டிய யோயாக்கீம் ராஜாமேல். 34-ஆம் அதிகாரத்தைப் பார். முற்றுகைக்குப் பயந்து எருசலேமின் பெரிய மனிதர்கள் அடிமைகளை விடுதலை செய்கிறார்கள். எகிப்தின் படை வருகிறது என்று கேட்டு பாபிலோனியர் விலகிப் போனதும், விட்டவர்களை மறுபடியும் பிடித்து அடிமையாக்குகிறார்கள். எரேமியா கொதித்தது அதற்கு. படுக்கையில் கிடந்து தண்ணீர் விழுங்க முடியாமல் தவித்த ஒரு பெண்ணுக்கு அதில் என்ன சம்பந்தம்?

திட்டிய வாயேதான் அழுகிறது. தலை முழுதும் தண்ணீராக, கண் ஊற்றாக இருந்தால் இரவும் பகலும் அழலாமே என்கிறார். புலம்பல் புத்தகமும் அவருடையது என்பது மரபு. அறிஞர்கள் பலர் ஒப்புவதில்லை. எழுதியவர் யாராயினும், முதல் நான்கு அதிகாரங்களை எபிரெய எழுத்து 22-இன் வரிசையில், நம் ஆத்திசூடிபோல, கட்டியிருக்கிறார். தமிழில் அது தெரியாது. ஐந்தாவதிலும் 22 வசனம் உண்டு, எழுத்து வரிசை மட்டும் இல்லை. அதுவரை பிடித்திருந்த கைப்பிடியை விட்டுவிட்டார் என்றே நான் வாசிக்கிறேன். எங்களை அடியோடு வெறுத்துவிட்டீரோ என்று புத்தகம் முடிகிறது. யூதர்கள் எருசலேம் ஆலயம் இடிந்த நினைவுநாளில் அதை வாசிக்கும்போது, அந்த வரியோடு நிறுத்த மனமில்லாமல், முந்தின வசனத்தைத் திரும்பச் சொல்லி முடிப்பார்களாம்.

நம்பிக்கை என்று ஒன்று இருந்தால் அது 32-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. நகரத்தைச் சுற்றிப் பாபிலோனியர். எரேமியா காவலில். அந்த நேரத்தில் தகப்பன் வழி உறவுக்காரன் ஒருவன் வந்து, ஆனதோத்தில் உள்ள என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எதிரியின் கையில் இருக்கும் நிலம்! பதினேழு சேக்கல் (அந்தக் காலத்து எடை) வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சி வைத்து, பத்திரம் எழுதி, நெடுநாள் கெடாதிருக்க மண்பாண்டத்தில் போட்டுவைக்கச் சொல்கிறார். பிறகு ஜெபம் செய்கிறார்: நகரமே போய்விட்டது, என்னை நிலம் வாங்கச் சொன்னீரே என்று. வாங்கிய பிறகும் அவருக்குப் புரியவில்லை பார். கடைசியில் அவரை எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த நிலத்தில் அவர் கால் வைத்ததாக எங்கும் எழுதவில்லை.

நேற்று அம்மாவின் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். உன் பெயரில் இருக்கும் பத்து சென்ட் நிலத்துக்கு இந்த வருஷத் தீர்வை கட்டிய ரசீது இருந்தது. தேதியைப் பார்த்தால் மூன்றாவது கீமோவுக்கு மறுநாள். யாரை அனுப்பிக் கட்டினாள் என்று தெரியவில்லை, என்னிடம் சொல்லவும் இல்லை. டப்பாவைத் திரும்ப மூடி, அவள் வைத்திருந்த இடத்திலேயே வைத்திருக்கிறேன். டிசம்பரில் நீ வரும்போது பார்க்கலாம்.

மாப்பிள்ளையிடம் விசாரித்ததாகச் சொல்.

அப்பா