பம்பளிமாஸ் வந்து சேர்ந்தது

பாளையங்கோட்டை
ஞாயிறு காலை

அன்புள்ள பால்ராஜ்,

பார்சல் வந்தது. எட்டுப் பம்பளிமாஸும் நசுங்காமல் வந்து சேர்ந்தன. எட்டையும் தெருவில் கொடுத்துவிட்டேன், கோபப்படாதே. வைத்த கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க நான் சாப்பிடுகிற டாக்ரோலிமஸ் மாத்திரைக்கும் அந்தப் பழத்துக்கும் ஆகாது. மாத்திரையைக் குடலில் சிதைக்கிற நொதியை அது மடக்கிப் போட்டுவிடுமாம். மருந்து ரத்தத்தில் அளவு மீறி ஏறினால் வைத்த கிட்னிக்கே கேடு. ஒரு பழத்தை மட்டும் மோந்து பார்த்துவிட்டுக் கொடுத்தேன்.

எழுத்து கோணல்மாணலாக இருப்பதும் அந்த மாத்திரையின் உபயம்தான். கை நடுங்குகிறது. போனில் பேசியிருக்கலாம், ஆனால் வீட்டில் ஆள் இருக்கும்போது சில விஷயங்கள் வாயில் வரமாட்டேன் என்கின்றன.

"ஆபரேஷன் சக்சஸ்னு சொன்னியேடா, பிறகு எதுக்குத் திரும்ப அட்மிட்?" என்று கேட்டிருந்தாய். பால்காரர் வரைக்கும் அதைக் கேட்டாயிற்று. ஊரை ஏமாற்றி வாழ்த்து வாங்கிக்கொண்டவன் போல எனக்குக் கூச்சமாக இருந்தது. அக்கா கிட்னி கொடுத்தாள், நான் எழுந்து நடந்தேன், அம்மா சங்கரன்கோவிலுக்குப் போய் நேர்த்திக்கடனைச் செலுத்தினாள். அத்தோடு கதை முடிந்ததாகத்தான் நானும் நினைத்தேன்.

மூன்று மாதம் நன்றாகத்தான் போயிற்று. டயாலிசிஸில் கிடந்த இரண்டு வருஷமும் தண்ணீரை டம்ளரில் அளந்து குடித்தவனைக் கூப்பிட்டு, தினம் மூன்று லிட்டர் குடி என்றார்கள். பாதி டம்ளரிலேயே கை தானாக நின்றுவிடும். வீட்டுக்காரி பக்கத்தில் நின்று மிச்சத்தைக் குடிக்க வைப்பாள். ரத்தத்தில் நிற்கிற கழிவான கிரியேட்டினின் 1.1. கிட்னி நன்றாக வேலை செய்தால் அது குறைவாக இருக்கும். அந்த எண்ணை ரேங்க் கார்டு போலப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அப்போதுதான் அக்கா மகள் கல்யாணம் வந்தது. கூட்டத்துக்குப் போக வேண்டாம் என்று டாக்டர் சொல்லித்தான் இருந்தார். தாய்மாமன் நான், அதுவும் கிட்னி கொடுத்தவள் வீட்டு விசேஷம். சீரோடு போய் நிற்காமல் இருக்க முடியுமா, நீயே சொல். மாஸ்க் போட்டுக்கொண்டு போனேன். மாத்திரைக்குக் காலை ஒன்பது, ராத்திரி ஒன்பது கணக்கு. மாப்பிள்ளை அழைப்பு மேளத்தில் செல்போன் அலாரம் காதில் விழவில்லை. ஞாபகம் வந்து விழுங்கியபோது மணி ஒன்றரை.

பதினைந்து நாள் கழித்து கிரியேட்டினின் 2.3. அடிவயிற்றின் வலப்பக்கம், வைத்த கிட்னியில் ஊசியைச் செலுத்தி, சோதிக்க ஒரு துணுக்கு, அதாவது பயாப்ஸி, எடுத்தார்கள். ரிஜெக்‌ஷன் என்று வந்தது, உடம்பு அந்தக் கிட்னியை அயலானாக நினைத்துத் தாக்குகிறதாம்.

1954 டிசம்பரில் பாஸ்டனில் முதன்முதலாக ஒரு கிட்னியை மாற்றி வைத்து வெற்றி கண்டார்களே, அதில் கொடுத்தவனும் வாங்கிக்கொண்டவனும் ஒரே அச்சில் பிறந்த இரட்டையர். அதனால் வாங்கிக்கொண்ட உடம்புக்கு அது அயலான் உறுப்பு என்றே தெரியவில்லை. வாங்கிக்கொண்டவன் அதற்குப் பிறகு எட்டு வருஷம் இருந்தான். எனக்கும் அக்காவுக்கும் பாதிப் பொருத்தம்தான். இது அக்காவுடையது என்று ரத்தத்தில் ஓடுகிற காவல்காரனிடம் யார் போய்ச் சொல்வது? அவனை மயக்கி வைக்கத்தான் ஆயுசுக்கும் மாத்திரை.

மூன்று நாள் ஸ்டீராய்டு சொட்டு சொட்டாக இறங்கியது. சுகர் 320-க்கு ஏறி இன்சுலின் வேறு. தூக்கம் போயே போய்விட்டது. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்குப் பீரோவை ஒழித்து அடுக்கிக்கொண்டிருந்தேன், எதற்கென்று எனக்கே தெரியாது. நம் ஹாஸ்டல் குரூப் போட்டோ கிடைத்தது. அதில் உனக்கு எவ்வளவு முடி!

டாக்டரிடம் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டேன். அன்றைக்கு மாத்திரை தள்ளிப்போனதால்தானே இது? "அப்படிச் சொல்ல முடியாது சார், ஒரு வேளைகூடத் தவறாதவங்களுக்கும் வருது" என்றார் மூன்று முறையும். எனக்கு ஆறுதலாக இல்லை. குற்றவாளி நான்தான் என்று சொல்லியிருந்தால்கூடத் தேவலை. இனிமேல் ஒழுங்காக இருந்துகொள்ளலாமே. காரணம் தெரியாமல் வந்தது அதே மாதிரி மறுபடியும் வரும் இல்லையா? ராத்திரியெல்லாம் அதுதான் மண்டையில் ஓடியது.

அக்காவிடம் மறைத்துவிட்டோம். கல்யாணத்துக்கு வந்ததால்தான் ஆயிற்று என்று அவள் நினைத்துவிடுவாளோ என்று. எத்தனை நாள் மறைக்க முடியும்? ஒரு நாள் மத்தியானம் சங்கரன்கோவில் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஏலே, என் கிட்னிக்கு ஒண்ணுன்னா ஊரெல்லாம் தெரியணும், எனக்குத் தெரியக் கூடாதோ?" என்றாள். பிறகு கைகால் கழுவி உள்ளே வந்து, "நீ சீர் கொண்டாராம இருந்திருந்தாத்தான் எனக்கு ஆறிருக்காது" என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சே இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு மட்டும் அலாரத்துக்கு முன்னாலேயே மாத்திரை டப்பாவோடு வந்து நின்றாள்.

இப்போது 1.5. பழைய 1.1 இனி வராமலே போகலாம், இந்த 1.5 நின்றால் போதும் என்கிறார் டாக்டர். முதலில் கேட்டபோது ரேங்க் போன பையன் மாதிரி முகம் சுருங்கிவிட்டது. இப்போது பரவாயில்லை, சில நாள் காலையில் எண்ணே ஞாபகத்துக்கு வருவதில்லை.

உன் மூட்டு ஆபரேஷனைச் சின்னவள் பிரசவம் வரை தள்ளிப்போட்டது சரிதான். ஆனால் படியேறி மாடிக்குப் போய்ப் படுப்பதை முதலில் விடு. இங்கே வருவதானால் அடுத்த மாதம் வா, சளி இருந்தால் வராதே.

வியாழக்கிழமை மறுபடியும் ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய், ஊசி குத்திய பிறகுதான் விழுங்க வேண்டும். அக்காவும் கூட வருகிறாளாம். அவளுக்கும் டெஸ்ட் இருக்கிறது. "எங்கிட்ட இருக்கிறதையும் பாத்திரலாம், உங்கிட்ட இருக்கிறதையும் பாத்திரலாம்" என்கிறாள்.

உன்
சங்கரன்