அட்லஸைக் கடைசிப் பக்கத்திலிருந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் இருக்க வேண்டிய புத்தகங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அகராதிக்கு அடுத்ததாக உலக அட்லஸும் வந்துவிடும். எந்த அட்லஸ் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அட்டையில் விண்வெளியிலிருந்து எடுத்த பூமிப் படம், உள்ளே பக்கத்துக்குப் பக்கம் சிங்கமும் பனிமலையும், மேலே 'புதிய பதிப்பு' என்று ஒரு ஒட்டுச்சீட்டு. இவற்றைப் பார்த்தே பெரும்பாலும் வாங்குகிறோம். இவற்றில் ஒன்றுகூட அந்தப் புத்தகம் உதவுமா என்பதைச் சொல்லாது.

முதலில் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். அங்கே இடப்பெயர் அகரவரிசை இருக்கும். ஒரு பத்தியில் எத்தனை பெயர், பக்கத்துக்கு எத்தனை பத்தி, மொத்தம் எத்தனை பக்கம் என்று பெருக்கினால் உத்தேசக் கணக்கு கிடைத்துவிடும். குடும்பத்தில் எல்லோரும் புரட்டும் அட்லஸ் என்றால் 20,000 பெயருக்குக் குறையக் கூடாது என்பது என் கருத்து. அதற்குக் கீழே போனால் செய்தியில் அடிபடும் சிற்றூர்கள் அகப்படாது. ஆங்கிலத்தில் வரும் பெரிய டைம்ஸ் அட்லஸில் 2 லட்சத்துக்கும் மேல் உண்டு. ஆனால் அதைச் சிறு பிள்ளை தூக்க முடியாது. எண்ணிக்கையோடு, பெயரை எப்படிக் கொடுத்திருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். திரிபோலியைத் தேடினால் லிபியாவின் தலைநகரும் லெபனானின் துறைமுக நகரும் நாட்டின் பெயரோடு தனித்தனி வரியாக வர வேண்டும். வியன்னாவைத் தேடினால், ஆஸ்திரியர்கள் சொல்லும் 'வீன்' என்ற பெயருக்கும் வழி காட்ட வேண்டும். பக்க எண்ணை மட்டும் போட்டு, படத்தின் எந்தக் கட்டத்தில் ஊர் இருக்கிறது என்று சொல்லும் கட்ட எண்ணை விட்டுவிட்ட அகரவரிசை, இருந்தும் இல்லாததுதான். நெருக்கமான பக்கத்தில் ஓர் ஊரைத் தேடிக் கண் பூத்துவிடும்.

அடுத்தது வயது. பதிப்பு விவரப் பக்கத்தில் உள்ள ஆண்டு பல சமயம் அச்சிட்ட ஆண்டுதான், படத்தைத் திருத்திய ஆண்டு அல்ல. படங்களையே கேட்பது நல்லது. தெற்கு சூடான் தனி நாடாக இல்லையா? அது 2011 ஜூலைக்கு முந்தைய படம். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் எஸ்வாட்டினி இருக்க வேண்டிய இடத்தில் ஸ்வாசிலாந்து இருந்தால் 2018க்கு முந்தையது. கஜகஸ்தானின் தலைநகர் இன்னும் சுவாரசியம். அஸ்தானா என்றிருந்த பெயரை 2019 மார்ச்சில் நூர்சுல்தான் என்று மாற்றினார்கள், 2022 செப்டம்பரில் மறுபடி அஸ்தானா ஆக்கினார்கள். ஆகவே நூர்சுல்தான் என்று கண்டால் படம் அந்த மூன்றரை ஆண்டுகளுக்குள் திருத்தப்பட்டது. அஸ்தானா என்றிருந்தால் மிகப் பழையதாகவும் இருக்கலாம், புதியதாகவும் இருக்கலாம். உடனே கிரேக்கத்துக்கு வடக்கே பாருங்கள். அங்கே 'வடக்கு மாசிடோனியா' என்றும் இருந்தால் அநேகமாக 2022க்குப் பிந்தையது என்று நம்பி வாங்கலாம். அந்தப் பெயர் 2019 பிப்ரவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. மக்கள்தொகை அட்டவணையில் சீனா முதலிடத்தில் இருந்தால், புள்ளிவிவரம் 2023க்கு முந்தையது.

எல்லைகளைப் போலவே நீர்நிலைகளும் மாறுகின்றன. மத்திய ஆசியாவின் ஆரல் கடலை (பெயரில்தான் கடல், உண்மையில் ஏரி) முழு நீல வட்டமாகக் காட்டும் அட்லஸ்கள் இன்றும் விற்கின்றன. ஆமு தரியா, சிர் தரியா நதிகளின் நீரைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பியதில் 1960களிலிருந்து அந்த ஏரி சுருங்கித் துண்டுதுண்டாகிவிட்டது. நல்ல படத்தில் பழைய கரையைப் புள்ளிக்கோடாகவும் இன்றைய நீர்ப்பரப்பை நீலமாகவும் பிரித்துக் காட்டியிருப்பார்கள். பெரிய பெயர் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டும் நம்ப வேண்டாம். 2011இல் அதே டைம்ஸ் அட்லஸின் புதிய பதிப்பு கிரீன்லாந்தின் நிரந்தரப் பனிப்பரப்பு 15 சதவீதம் குறைந்துவிட்டதாகச் சொல்லப்பட்டு வெளியானது. பனிப்பாறை ஆய்வாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு பதிப்பகம் திருத்தப் படம் வெளியிட வேண்டியதாயிற்று.

இனி அளவை. வாங்குகிறவர்கள் அதிகம் கவனிக்காததும் அதிகம் கவனிக்க வேண்டியதும் இதுதான். 1 : 1,00,00,000 என்றால் படத்தில் ஒரு சென்டிமீட்டர் தரையில் 100 கிலோமீட்டர். ஆப்பிரிக்கா வடக்கு தெற்காக ஏறக்குறைய 8,000 கிலோமீட்டர். கண்டம் முழுவதையும் ஒரே பக்கத்தில் அடைத்தால் அளவை 1 : 2,50,00,000 வாக்கில் வந்து நிற்கும். அதில் ருவாண்டா அரை சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதல். பெயரை உள்ளே எழுத இடமிருக்காது, வெளியே எழுதிக் கோடு இழுத்திருப்பார்கள். அதே ருவாண்டா 1 : 50,00,000 அளவையில் மூன்று சென்டிமீட்டரைத் தாண்டும். மலையும் ஏரியும் சாலையும் தெரியும். எனவே ஒவ்வொரு கண்டத்துக்கும் எத்தனை பக்கம், எந்த அளவை என்று பாருங்கள். எந்தப் பதிப்பகமும் தன் நாட்டுக்குத் தாராளமாக இடம் ஒதுக்கும். அது குற்றமில்லை. ஆனால் 1 கோடி சதுர கிலோமீட்டர் உள்ள ஐரோப்பாவுக்கு இருபது பக்கம், 3 கோடி உள்ள ஆப்பிரிக்காவுக்கு நான்கு பக்கம் என்றால், புரட்டும் பிள்ளை இரண்டும் ஒரே அளவு என்று நினைத்துக்கொள்ளும். அலாஸ்காவை மூலையில் சிறு கட்டத்துக்குள் போடும் அமெரிக்கப் படங்களிலும் இதே சிக்கல். அந்தக் கட்டத்தின் அளவை வேறு, முதன்மைப் படத்தின் அளவை வேறு.

முழு உலகப் படம் மெர்கேட்டர் முறையில் இருந்தால் புத்தகத்தை வைத்துவிடலாம். உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளில் வரையும் முறைகளில், 1569இல் கடலோடிகளுக்காக உருவானது அது. திசையறிய உதவும், பரப்பை ஒப்பிட உதவாது. ஆப்பிரிக்காவில் பதினான்கில் ஒரு பங்கே உள்ள கிரீன்லாந்து அதில் ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத் தெரியும். வின்கெல் டிரிப்பெல், ராபின்சன், ஈக்குவல் எர்த் ஆகிய வேறு முறைகளின் பெயர்களில் ஒன்று படத்தின் ஓரத்தில் இருந்தால் சரி. உலகப் படத்தின் அளவுகோலில் நூல் வைத்துத் தூரம் அளக்க வேண்டாம். அந்த அளவை பக்கம் முழுவதற்கும் பொருந்தாது. கண்டங்களுக்கிடையே அளக்க உலக உருண்டைதான் சரி.

இயற்கை அமைப்புப் படங்களில் பச்சையைப் பார்த்துக் காடு என்று நினைப்பது பிள்ளைகள் மட்டுமல்ல. அந்தப் பச்சை தாழ்நிலத்துக்கான நிறம். எகிப்தின் கத்தாரா பள்ளம் கடல் மட்டத்துக்குக் கீழே 133 மீட்டர் வரை இறங்கும் பாலைவனம். பல அட்லஸ்களில் அது கரும்பச்சை. நிற விளக்கம் அந்தந்தப் பக்கத்திலேயே இருக்கிறதா, முன்னுரையில் ஒரே இடத்தில் போட்டு முடித்துவிட்டார்களா என்று பாருங்கள்.

அச்சைச் சோதிக்க ஜெர்மனியின் ரூர் பகுதியைத் திறங்கள். எஸ்ஸன், போகும், டார்ட்மண்ட் என்று ஊர்கள் தோளோடு தோள் நிற்கும் இடம். அங்கே எழுத்துகள் சாலைக் கோட்டின்மேல் ஏறாமல், நதியின் நீலம் அதன் கரைக்கோட்டை விட்டு விலகாமல் இருந்தால் அச்சகம் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. பளபளப்புத் தாள் விளக்கடியில் கண்ணைக் கூசவைக்கும். மங்கல் தாளே நல்லது.

பிறகு புத்தகத்தை நடுவில் விரித்து மேசையில் வையுங்கள். இரு பக்கத்துக்கு ஓடும் படத்தில் நடுமடிப்பு எதை விழுங்குகிறது? கவனமான பதிப்பகங்கள் மடிப்பில் வெள்ளை இடைவெளி விடும், அல்லது ஒரு பட்டையை இரு பக்கத்திலும் திரும்ப அச்சிடும். மற்றவற்றில் ஒரு தலைநகரமே மடிப்புக்குள் போயிருக்கும். முதுகின் மேல்விளிம்பில் தாள்கள் சிறுசிறு மடிப்புக் கட்டுகளாகத் தெரிந்தால் பெரும்பாலும் நூல் தையல். ஒரே மட்டமாக வெட்டி ஒட்டியிருந்தால் வெறும் பசை. கனமான தாளைப் பசை தாங்காது. அடிக்கடி அகல விரித்த பக்கம்தான் முதலில் கழன்று வரும்.

எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் படக்கதை போன்ற அட்லஸ் தனியாக வாங்கிக் கொடுங்கள். அதையே குடும்ப அட்லஸாக நினைக்க வேண்டாம். கங்காரு பாதி ஆஸ்திரேலியாவை மறைத்துக்கொண்டு நிற்கும் படத்தில் அளவைக்கு வேலையில்லை.

வாங்கிய பெரிய அட்லஸை அலமாரியில் நிற்க வைக்காதீர்கள். தாள்களின் எடை கீழ்நோக்கி இழுத்து அட்டையிலிருந்து முதுகைப் பிரித்துவிடும். கீழ்த்தட்டில் படுக்கவைத்து, அதன்மேல் வேறு புத்தகம் அடுக்காமல், பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடியும் வையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
புவியியல் ஆசிரியர்