முற்பணத்துக்கு முன் ஒரு மணி நேரம் கொடுங்கள்

மலையகத்தில் பாவித்த வாகனங்களை விற்கும் முதலாளிமார்களுக்கும் தரகர்மார்களுக்கும்,

வணக்கம். 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றதிலிருந்து பழைய வாகனங்களின் விலை எங்கே போய் நின்றது, 2025 பெப்ரவரியில் கார்களுக்கு மீண்டும் கதவு திறந்தும் வரிச்சுமையால் புதிய வண்டி எங்களுக்கு ஏன் எட்டவில்லை என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். முற்பணம் வாங்குவதற்கு முன், வாங்க வந்தவர் தனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டிவர ஒரு மணி நேரம் விடுங்கள்.

போன மாதம் எங்கள் தோட்டத்தில் நடந்ததுதான் இதை எழுத வைத்தது. பக்கத்து லயத்து அக்கா கொழுந்து பறித்து ஓய்ந்தவர். சம்பளத்தில் மாதாமாதம் கழித்த 8 வீதமும் தோட்டம் போட்ட 12 வீதமும் சேர்ந்து வந்த சேமலாப நிதியை, ஹயர் ஓடிப் பிழைக்கட்டும் என்று மகன் கையில் கொடுத்தார். அது போதாமல் மிச்சத்துக்கு லீசிங். சிறிய ஜப்பானியக் கார் ஒன்றைப் பிடித்துப்போய், தெரிந்த மெக்கானிக் பாஸிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று பையன் கேட்டிருக்கிறான். "நம்பிக்கை இல்லையென்றால் விடுங்கள் தம்பி, பின்னேரம் ஒருவர் முழுக் காசோடு வருகிறார்" என்பது பதில். பின்னேரம் வரும் அந்த மனிதரை எங்கள் பக்கத்தில் அறியாதவர் கிடையாது. எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் அவர்தான் வருவதாக இருக்கிறார். இன்றுவரை யாரும் கண்ணால் கண்டதில்லை. பையன் பயந்து அங்கேயே முற்பணத்தைக் கட்டிவிட்டான்.

வண்டி வந்த அன்று மாலை டார்ச் அடித்துப் பார்த்தேன். மீற்றரில் 68,000 கிலோமீற்றர். பிரேக் மிதியின் ரப்பர் புத்தம் புதியது. ஸ்டியரிங்கில் கை பிடிக்கும் இடமோ வழுவழுவென்று தேய்ந்து மினுங்கியது. சாரதி இருக்கையின் வெளி ஓரம் கிழிந்து, அதே நிறத் துணியால் தைத்து மறைக்கப்பட்டிருந்தது. பொனட்டைத் தூக்கினால், ஏர் ஃபில்டர் பெட்டியின் பக்கவாட்டில், கழுவித் துடைத்தவர் கண்ணுக்குத் தப்பிய சிறு அட்டை ஒன்று: அடுத்த ஒயில் மாற்றம் 147,000 கிலோமீற்றரில். விற்றவரைத் தொலைபேசியில் கேட்டோம். சர்விஸ் செய்த பையன் கை தவறி வேறு வண்டியின் அட்டையை இதில் ஒட்டிவிட்டானாம்.

கொஞ்ச நாளில் தலவாக்கலை ஏற்றத்தில் கியர் வழுக்கத் தொடங்கியது. எஞ்சின் கத்துகிறது, வண்டி நகர மறுக்கிறது. சி.வி.டி. என்ற தானியங்கிக் கியர் பெட்டியை மாற்றுவதற்குக் கராஜில் சொன்ன தொகையைப் பையன் இன்னும் தாயிடம் சொல்லவில்லை. லீசிங் தவணை மட்டும் தவறாமல் வந்து நிற்கிறது.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன தெரிந்துவிடும் என்று கேட்பீர்கள். ஏறக்குறைய எல்லாம் தெரியும். ஆள் வருமுன்பே எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி வைப்பது எதற்கு என்று எங்களுக்கும் தெரியும். தட்டும் சத்தமும் நீலப் புகையும் காலைக் குளிரில் முதல் ஸ்டார்ட்டில்தான் வெளியே வரும். டயரின் பக்கச் சுவரில் 1217 என்று இருந்தால் அது 2017ஆம் ஆண்டின் 12ஆவது வாரத்தில் செய்த டயர். 'புது டயர்' என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடும். வண்டியைத் தூக்கிக் கீழே பார்த்தால் துருவும் டிங்கர் வேலையும் தெரியும். கணினியில் பொருத்திப் பார்த்தால் ஹைபிரிட் பற்றரியின் நிலை தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் முற்றத்தைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிக் காட்டுவதில் எங்களுக்கு என்ன பயன்? இந்த வண்டி ரம்பொடை மலைப்பாதையில் ஏற வேண்டும். பிறகு அதே வழியில் பிரேக் மணக்காமல் இறங்க வேண்டும். 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் உயிர்களைப் பறித்த பஸ் விபத்தை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். இங்கே வண்டியில் ஏறுகிறவர்கள் பிரேக்கை நம்பித்தான் ஏறுகிறார்கள்.

உங்கள் விளம்பரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'பெண் வைத்தியர் பாவித்தது', 'ஒரே உரிமையாளர்', 'கொழும்பில் கராஜுக்குள்ளேயே நின்றது'. இந்த நாட்டில் விற்பனைக்கு வரும் கார்களையெல்லாம் ஓட்டுவதற்கு இத்தனை பெண் வைத்தியர்கள் இருக்கிறார்கள் என்றால், எங்கள் தோட்ட மருந்தகங்கள் ஏன் இன்னும் வைத்திய உதவியாளரின் தலையில் கிடக்கின்றன? இரவில் பிரசவ வலி வந்தால் கொழுந்து லொறியைத் தேடி ஏன் ஓடுகிறோம்? லயத்தில் ஒருவன் கடன்பட்டாவது கார் வாங்கும்போது அவன் மட்டும் அதில் போவதில்லை. அவசரத்துக்கு அந்த லயத்து வரிசை வீடுகள் முழுவதும் போகிறது. சரி, மருந்தகத்துக்கு வைத்தியர் போடுவது உங்கள் பொறுப்பல்ல. கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

வாங்குபவரை ஏமாற்றும் விதமாக நடப்பதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடை செய்கிறது. 1977 என்ற எண்ணுக்கு யாரும் முறையிடலாம். இதைச் சொல்லி உங்களை மிரட்டும் எண்ணம் எனக்கில்லை. பில்லிலேயே மீற்றரின் அளவை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அந்த எண்ணுக்கே வேலை இருக்காது. மீற்றர் உண்மையானது என்று வாயால் சத்தியம் செய்பவருக்குப் பேனாவால் எழுதுவதில் என்ன கஷ்டம்?

உங்களில் நேர்மையாக விற்பவர்களும் இருக்கிறார்கள். நான் இப்போது ஓட்டும் காரை அப்படி ஒருவரிடம்தான் வாங்கினேன். கேட்பதற்கு முன்பே, "போய்க் காட்டிவிட்டு வா" என்று சாவியை நீட்டினார். அவர் கடை இன்னும் நன்றாகவே ஓடுகிறது.

ஆகவே மறுபடியும் பணிவாகக் கேட்கிறேன்: முற்பணத்துக்கு முன் ஒரு மணி நேரம். வண்டியோடு போய்விடுவோம் என்ற பயம் இருந்தால் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடைப் பையனையும் கூட அனுப்புங்கள். மெக்கானிக்கின் கூலியும் பெற்றோலும் எங்கள் செலவு.

இப்படிக்கு,
தலவாக்கலையிலிருந்து ஒரு வாடிக்கையாளன்