இரவில் யார் பார்த்துக்கொள்வார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

பக்கவாதமோ இடுப்பு எலும்பு முறிவோ வந்து டிஸ்சார்ஜ் ஆகும் பெரியவர்களுக்குப் பராமரிப்பு இல்லம் தேடுவோர் பலர், வரவேற்பறையையும் தோட்டத்தையும் பார்த்தே முன்பணம் கட்டிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது இரவுப் பணிப் பட்டியலை. படுத்த படுக்கையாக இருப்பவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும். 20 பேருக்கு ஓர் ஆயா என்றால் அது நடக்கிற காரியமா? புரட்டாமல் விட்டால் வரும் படுக்கைப்புண் பெரும்பாலும் வால் எலும்புப் பக்கமும் குதிகாலிலும்தான் தொடங்கும். காற்று மெத்தை இருக்கிறதே என்று திருப்திப்பட்டுவிடாமல், அதற்குக் காற்றடிக்கும் மோட்டார் ஓடுகிறதா, கரண்ட் போனால் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள்.

மூக்குக் குழாயில் உணவு கொடுக்கும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். கொடுத்த பின்பும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்க வேண்டும். தட்டையாகப் படுக்கவைத்தால் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் முடியலாம். சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டு வேளையில் போய்ப் பாருங்கள், தெரிந்துவிடும்.

‘பிசியோதெரபி உண்டு’ என்ற ஒரு வரி போதாது. வாரத்தில் எத்தனை நாள், ஒருமுறைக்கு எத்தனை நிமிடம் என்று எழுதி வாங்குங்கள். டயப்பர், மருந்து, ஆம்புலன்ஸ் தனிக் கணக்கா என்பதையும் கேளுங்கள். நடுவில் அழைத்துச் சென்றாலோ, இறந்துவிட்டாலோ முன்பணம் எவ்வளவு திரும்பும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். கேட்கச் சங்கடம்தான், பின்னால் சண்டை வருவது இதில்தான்.

இல்லங்கள் பற்றிய தகவலுக்கு 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.

- ஓய்வுபெற்ற செவிலியர், திருச்சி